கண்ணில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவும் மெலனோமா: பெம்ப்ரோலிசுமாபா, டெபென்டாஃபஸ்பா?

கண்ணுக்குள் வரும் யூவியல் மெலனோமா அரிய புற்றுநோய். ஆனால் பரவிவிட்டால், பத்தில் ஒன்பது பேருக்குக் கல்லீரலைப் பிடிக்கிறது. அப்போது எந்த நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுப்பது? தோல் மெலனோமாவில் பெயர் வாங்கிய பெம்ப்ரோலிசுமாபா, 2022 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெபென்டாஃபஸ்பா?

பெம்ப்ரோலிசுமாப், நோயை எதிர்த்துப் போராடும் வெள்ளணுக்களான டி செல்களின் மேலுள்ள பிடி-1 என்ற பிரேக்கை விடுவிக்கிறது. அதற்குப் பலன் இருக்க வேண்டுமானால், புற்றை ஏற்கெனவே அடையாளம் கண்ட டி செல்கள் உடம்பில் இருக்க வேண்டும். வெயில் பட்டு மரபணு மாற்றங்கள் குவிந்த தோல் மெலனோமாவில் அவை ஏராளம். கண் மெலனோமாவில் மாற்றங்களே சொற்பம். போதாக்குறைக்கு, நோய் குடியேறியிருக்கும் இடம் கல்லீரல். குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியே ஓயாமல் வந்து சேரும் உணவுப் பொருள்களையும் கிருமித் துணுக்குகளையும் சகித்துக்கொள்ளப் பழகிய உறுப்பு அது. கல்லீரலில் புற்று இருந்தால் அங்குள்ள மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்கள், வந்து சேரும் டி செல்களையே சாகடிக்கின்றன என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் எலிகளில் காட்டினார்கள். இதனால் உடம்பில் வேறிடத்தில் உள்ள கட்டிக்கும் மருந்து சரியாகப் பலிப்பதில்லை.

டெபென்டாஃபஸ்ப் பழைய அடையாளத்தை நம்பி இருப்பதில்லை. அதன் ஒரு முனை மெலனோமா செல் மேல் தெரியும் ஜிபி100 என்ற புரதத்தின் துணுக்கைப் பற்றிக்கொள்ளும். மறுமுனை அருகில் எந்த டி செல் இருந்தாலும் இழுத்துச் சேர்க்கும்.

378 பேரிடம் நடந்த சோதனையில் ஒப்பீட்டுக் குழுவில் பெரும்பாலோர் பெற்றது பெம்ப்ரோலிசுமாப்தான். ஓராண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் டெபென்டாஃபஸ்ப் குழுவில் 73 சதவீதம், மறு குழுவில் 59. மூன்றாண்டில் அது 27, 18. இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று: டெபென்டாஃபஸ்ப் பெற்றவர்களில் கட்டி கணிசமாகச் சுருங்கியது வெறும் 9 சதவீதம் பேருக்கு. ஸ்கேனில் கட்டி வளர்ந்ததாகத் தெரிந்தவர்களும்கூட, மறு குழுவில் அதே நிலையில் இருந்தவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள். ஸ்கேனை மட்டும் பார்த்து அவசரப்பட்டு இந்த மருந்தை நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சிரமமும் உண்டு. வாரந்தோறும் ஊசி, முதல் மூன்று முறை ஏற்றிய பிறகு குறைந்தது 16 மணி நேரம் மருத்துவக் கண்காணிப்பு, காய்ச்சல், ரத்த அழுத்தக் குறைவு, தோல் தடிப்பு. பெம்ப்ரோலிசுமாப் மூன்று அல்லது ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

பெரிய தடை வேறு. செல்களின் மேல் புரதத் துணுக்குகளை ஏந்திக் காட்டும் ஹெச்எல்ஏ மூலக்கூறுகள் ஆளுக்கு ஆள் வேறுபடும்; அவற்றில் ஹெச்எல்ஏ-ஏ*02:01 வகை உள்ளவர்களுக்கு மட்டுமே டெபென்டாஃபஸ்ப் வேலை செய்யும். ஐரோப்பியரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது உண்டு; இந்தியரில் குறைவு. ஆகவே பரவல் தெரிந்தவுடன் ஹெச்எல்ஏ ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். பொருந்தினால் நான் டெபென்டாஃபஸ்ப் பக்கம்தான். பொருந்தாதவர்கள், பெம்ப்ரோலிசுமாபுக்குப் போகும் முன், கல்லீரலுக்குள் மட்டும் மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தைச் செலுத்தும் சிகிச்சை கிடைக்குமா என்றும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.