ஸ்கோப் பொருத்திக் கொடுத்தால், முன் ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

என் பாயின்ட் டூ-டூ (.22) ரைபிளுக்கு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, பொருத்தித் தந்த பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடப்போவதில்லை. அவர்கள் வேலை செய்த விதத்தை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். இந்த வேலையை இப்படியே செய்கிறவர்கள் எங்கேயும் இருப்பார்கள்.

ரைபிள் நல்ல ரைபிள். ஸ்கோப் இல்லாமல் இரும்புக் குறிமுனையை வைத்தே 50 மீட்டரில் ஐந்து குண்டையும் மூன்று சென்டிமீட்டருக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். வயது ஏற ஏற முன் குறிமுனை மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. சரி, ஸ்கோப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். நானே பொருத்தியிருக்கலாம். ஆனால் ரிசீவரின் (குண்டு வெளியேறும் குழலான பேரலைத் தாங்கும் உலோக உடல்) மேல் இருக்கும் துளைகள் மிகச் சிறியவை. மரையைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"பேஸ், ரிங், ஸ்கோப் மூணும் நாங்களே தர்றோம் சார். போர்சைட் பண்ணித் தர்றோம். நேரா கொண்டுபோய்ச் சுடுங்க" என்றார்கள். ரிசீவரின்மேல் திருகும் தகடுதான் பேஸ், அதன்மேல் ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம் ரிங். பேரல் பார்க்கும் இடத்துக்கே ஸ்கோப்பையும் பார்க்க வைப்பது போர்சைட். மறுநாள் வாங்கும்போது பளபளவென்று இருந்தது. அசைத்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. நம்பினேன்.

சுடுதளத்தில் 25 மீட்டரில் முதல் ஐந்து குண்டு அழகாகச் சேர்ந்து விழுந்தன. 50 மீட்டருக்குப் போனேன். மூன்று குண்டு ஒரு இடத்தில், இரண்டு குண்டு அதற்கு மேலே நாலு சென்டிமீட்டர் தள்ளி. ஒரே அட்டையில் இரண்டு தனித்தனிக் கூட்டம். நடுவில் ஒன்றுகூட இல்லை. இதை அன்றைக்கே கவனித்திருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். சுடுகிறவனின் கை நடுங்கினால் குண்டுகள் நாலாபக்கமும் சிதறும். இப்படி இரண்டு கூட்டமாகப் பிரிந்தால், துப்பாக்கிமேல் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு இடையே மாறி மாறி உட்காருகிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நான் சந்தேகப்படவில்லை. குறியை நகர்த்தும் ஸ்கோப் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். என் ஸ்கோப்பில் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்), அதாவது 50 மீட்டரில் சுமார் 3.6 மில்லிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் இடது பக்கம் போனால் வலது பக்கம் ஆறு கிளிக் என்று கணக்குப் போட்டுத் திருப்புவேன். அடுத்த மூன்று குண்டு நடுவில் விழும். அதற்கடுத்த குண்டு வேறெங்கோ போகும். மறுபடி திருப்புவேன். அன்றைக்கு ஒரு பெட்டி தோட்டா முழுவதும் இப்படியே போயிற்று.

பட்டறைக்குப் போன் செய்தேன். "பாயின்ட் டூ-டூ அப்படித்தான் சார், தோட்டாவை மாத்திப் பாருங்க" என்றார்கள். இந்தப் பதில்தான் என்னை முழுதாக ஏமாற்றியது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. பாயின்ட் டூ-டூ ரைபிள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தோட்டாவுக்குத்தான் இணங்கும். ஒரு வகை தோட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பேரல் பழகுவதற்கே சில குண்டுகள் பிடிக்கும். ஆகவே நான்கு வகை தோட்டா வாங்கினேன். போட்டிக்குச் சுடுகிற தரத்திலும் வாங்கினேன். எதிலும் அதே இரண்டு கூட்டம்.

அப்புறம் என்னையே குறை சொல்ல ஆரம்பித்தேன். மூச்சை எங்கே நிறுத்துகிறேன், விசையை எப்படி அழுத்துகிறேன், கன்னத்தை எங்கே வைக்கிறேன் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். முப்பது வருடமாகச் சுடுகிறவன், சுடத் தெரியவில்லையோ என்று ராத்திரி யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். பணம் போனதைவிட இதுதான் எனக்கு வலித்தது.

சுடுதளத்துக்கு வரும் மூத்தவர் ஒருவர் இரண்டு வாரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது வாரம் பக்கத்தில் வந்து, "தம்பி, போல்ட்டைக் கழட்டிட்டு ரைபிளை இப்படிக் கொடு" என்றார். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம். தோட்டா அறை காலியா என்று தானே ஒருமுறை பார்த்தார். பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து, பேஸும் ரிசீவரும் சேரும் விளிம்பில், முன்பக்கம், ஒரே ஒரு சொட்டு வைத்தார். எண்ணெய் அந்த இடுக்கில் மெல்லிய கோடாகப் படர்ந்தது. பிறகு ஸ்கோப்பை மேல்நோக்கிக் கையால் அழுத்தினார். எண்ணெய்க் கோடு உள்ளே போயிற்று. கையை எடுத்தார். கோடு வெளியே வந்தது. மறுபடி அழுத்தினார், உள்ளே போயிற்று. கண்ணுக்குப் பேஸ் அசைந்தது தெரியவே இல்லை, எண்ணெய் மட்டும் மூச்சு விடுவதுபோல் உள்ளே போய் வெளியே வந்தது.

முன் ஸ்க்ரூவைக் கழற்றினார். அதன் நுனி தட்டையாகி வெள்ளையாக மின்னியது. அந்தத் துளைக்கு நேர் கீழே இருப்பது பேரல். மற்ற துளைகளைவிட முன் துளை ஆழம் குறைவு, அதற்குக் குட்டையான ஸ்க்ரூ போட வேண்டும். பட்டறைக்காரர் நான்கு துளைக்கும் ஒரே நீளத்தில் போட்டுவிட்டார். முன் ஸ்க்ரூ உள்ளே போய் பேரலில் முட்டி நின்றிருக்கிறது. திருகுகிறவன் கைக்கு 'இறுகிவிட்டது' என்றுதான் தெரியும். உண்மையில் பேஸை அது பிடிக்கவே இல்லை.

இதில் எவ்வளவு வித்தியாசம் வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பேஸ் 10 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனை 0.1 மில்லிமீட்டர், ஒரு தாளின் கனம் அளவுக்கு எழும்பினால், ஆயிரத்தில் ஒரு பங்கு கோணம். 50 மீட்டரில் அது ஐந்து சென்டிமீட்டர். 50 மீட்டர் ஒலிம்பிக் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், அதையும் ஸ்கோப் இல்லாமல்தான் சுடுகிறார்கள். பேஸ் அவ்வளவு எழும்பினால் குண்டு அந்த வட்டத்தின் அகலத்தைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு தள்ளிப்போய்விடும்.

அதோடு முடியவில்லை. ரிங்குகளைக் கழற்றினால் ஸ்கோப் குழாயில் இரண்டு பள்ளம். பல ஸ்கோப் தயாரிப்பாளர்கள் ரிங் ஸ்க்ரூவுக்குச் சொல்வது 15 முதல் 18 இன்ச்-பவுண்டு முறுக்கு விசை, அதாவது சுமார் 2 நியூட்டன் மீட்டர். இரண்டு விரலில் பிடித்துத் திருகுகிற குட்டிச் சாவியே கிட்டத்தட்ட இதற்குப் போதும். இவர்கள் ரிங் ஸ்க்ரூ மரையிலும், ஸ்க்ரூ தளராமல் இருக்கப் பூசும் பசையைத் தாராளமாகப் பூசி, அதற்குமேல் பலங்கொண்ட மட்டும் இறுக்கியிருக்கிறார்கள். ஈரப் பசை மரையை வழுக்க வைக்கும், அதனால் அதே முறுக்குக்கு இன்னும் அதிகமாக நசுங்கும். ஸ்கோப் குழாய் அலுமினியம், உள்ளே குறி வைக்கும் குறுக்குக்கோட்டைத் தாங்கும் இன்னொரு குழாய் நகர வேண்டும். வெளியே நசுங்கினால் அது எப்படிச் சரியாக நகரும்?

குறுக்குக்கோடும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. தூரத்தில் தொங்கவிட்ட தூக்குநூலுடன் ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. 50 மீட்டரிலேயே சுடுகிறவருக்கு இது பெரிய கேடு இல்லை. ஆனால் 100 மீட்டரில் சுடுவதற்காக ஸ்கோப்பின் மேற்பக்கக் குமிழைத் திருப்பினால் குண்டு மேலே போவதோடு பக்கவாட்டிலும் நகரும்.

அவர்கள் தலையில் கட்டிய ஸ்கோப்பும் இந்த ரைபிளுக்கானது இல்லை. பெரிய துப்பாக்கிகளுக்காக 100 கெஜத்தில் பேரலக்ஸ் நிலைநிறுத்தியது, மாற்ற வழி இல்லாதது. பேரலக்ஸ் என்பது கண் நகரும்போது குறுக்குக்கோடும் இலக்கின்மேல் நகர்வதுபோல் தெரிவது; நிலைநிறுத்திய தூரத்தில் மட்டும் அது இருக்காது. பாயின்ட் டூ-டூவுக்கென்று செய்கிற ஸ்கோப்புகளை 50, 60 கெஜத்தில் வைத்திருப்பார்கள். ரைபிளை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்துவிட்டு, 25 மீட்டர் இலக்கைப் பார்த்தபடி தலையை மட்டும் மெல்ல நகர்த்தினால் குறுக்குக்கோடு இலக்கின்மேல் ஊர்ந்தது. 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி இருக்கும்போது அந்தப் பிழை அங்கே ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் போகலாம். கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை. எனக்கு அன்று தெரியவில்லை.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். தட்டையான ஸ்க்ரூவை மேசைமேல் வைத்தேன். உரிமையாளர் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "வெளியே கழட்டியாச்சுன்னா எங்க பொறுப்பு இல்லை சார்" என்றார். ஸ்கோப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "குழாயில பள்ளம் இருக்கே, இதை யார் எடுப்பாங்க?" என்றார். அந்தப் பள்ளத்தைப் போட்டது அவர் பட்டறை. வேலை செய்ததற்கு எழுத்தில் எதுவும் வாங்காமல் வந்தது என் தவறு, எனவே வாதாட என்னிடம் எதுவும் இல்லை. வேலைக்குக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் குழாயைப் படமெடுத்து வையுங்கள்.

போர்சைட் பற்றி ஒரு வார்த்தை. போல்ட்டை எடுத்துவிட்டுப் பேரல் வழியாக இலக்கைப் பார்த்து, குறுக்குக்கோட்டை அதே இடத்துக்குக் கொண்டுவருவதுதான் அது. முதல் குண்டு அட்டையில் எங்காவது விழும், அவ்வளவே. பேஸ் ஆடினாலும் போர்சைட் செய்துவிட முடியும். 'போர்சைட் பண்ணியாச்சு' என்று சொல்வது ஸ்கோப் உறுதியாக நிற்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

நீங்கள் கேட்க வேண்டியது இது. உங்கள் கண்முன்னால் பேஸை மட்டும் முதலில் பொருத்தச் சொல்லுங்கள். பின் ஸ்க்ரூக்கள் எதுவும் இல்லாமல் முன் ஸ்க்ரூவை மட்டும் இறுக்கி, பேஸ் ஆடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனியாக அப்படியே. பிறகு போல்ட்டைப் போட்டு முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள், பின் ஸ்க்ரூ நீளமாக இருந்தால் போல்ட்டில் உரசும். முறுக்கு அளக்கும் சாவி இருக்கிறதா என்று கேளுங்கள். 'கைக்கணக்கு' என்று பதில் வந்தால் ரைபிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மூத்தவர் தன் டப்பாவிலிருந்து கொடுத்த குட்டை ஸ்க்ரூவில் என் பேஸ் இப்போது நிற்கிறது. வேறு ஸ்கோப் போட்டிருக்கிறேன். தோட்டா, முதலில் சுட்ட அதே வகைதான். போன வாரம் 50 மீட்டரில் ஐந்து குண்டும் என் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கின.

நான் பட்டறையிலிருந்து ரைபிளைத் திரும்ப வாங்கப் போன அன்று, எனக்குப் பின்னால் இரண்டு பேர் உறை போட்ட ரைபிளோடு காத்திருந்தார்கள். ஒருவர் பையனுக்கு முதல் ஸ்கோப் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் இதைப் படித்தால், பையனைக் குறை சொல்வதற்கு முன்னால் முன் ஸ்க்ரூவின் நுனியைப் பாருங்கள்.