பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டைத் திறக்க வருகிறவர்களுக்கு: இந்தப் பயணத்தில் பார்த்தவை

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து லீவு போட்டுக் காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள், முதல் வாரத்தை ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியே தொலைப்பதை இப்போதும் பார்க்க முடிகிறது. அதற்கு அவசியமே இல்லை. பேப்பர் வேலையில் முக்கால்வாசி இருந்த இடத்திலிருந்தே முடிகிறது. நேரில் வந்து நின்றால்தான் நடக்கும் என்பது கைவேலைதான்: ஓடு, சுவர், மரம், கிணறு, கரண்ட். அந்த வேலை தெரிந்த கைகள் ஊரில் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால் ஆளைப் பிடித்துத் தேதி வாங்கிவிட்டு டிக்கெட் போடுங்கள். டிக்கெட் போட்டுவிட்டு ஆள் தேடினால், கிடைக்கிற ஆளை வைத்துக் கெடுக்க வேண்டியதுதான்.

தேதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளையார் நோன்பை ஒட்டியும் பொங்கலுக்கும்தான் எல்லாரும் வருகிறார்கள். ஆனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், ஓட்டைப் பிரிக்க முடியாது. ஈரச் சுவரில் சுண்ணாம்பும் நிற்காது. ஓட்டு வேலை, சுவர் வேலை இருந்தால் தை கடைசியிலிருந்து பங்குனிக்குள் வாருங்கள். மாசி, பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா வரும். அந்த நாட்களில் டவுனுக்குள் கார் நகராது, வேலையாட்களும் வரமாட்டார்கள். அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கத் திருச்சிதான் தோது. 2024-இல் திறந்த புதிய முனையம் விசாலமாக இருக்கிறது. அங்கிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்குச் சுமார் இரண்டு மணி நேரம். டாக்சி பேசும்போது ‘கிலோமீட்டருக்கு எவ்வளவு’ என்று மட்டும் கேட்டு விட்டுவிடக் கூடாது. திரும்பிப் போகும் தூரம், டிரைவர் பேட்டா, இரவு பேட்டா, டோல் எல்லாம் சேர்த்து ‘டிராப்’ எவ்வளவு என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். செயலியில் வண்டி கூப்பிடும் பழக்கத்தை திருச்சியோடு விட்டுவிட வேண்டும். கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ நின்றுகொண்டு போனைத் தட்டினால் வண்டி வராது. ஊர் டிரைவர் ஒருவரின் நம்பரைக் கையில் வைத்திருப்பதே வழி.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ். மத்தியானம் எழும்பூரில் ஏறினால் இரவு பத்து மணி வாக்கில் காரைக்குடி. முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்தான் திறக்கிறது. 2025 ஜூலையிலிருந்து ஆன்லைனில் தட்கல் எடுக்க ஆதாரோடு இணைத்த கணக்கு வேண்டும். ஆதார் இல்லாதவர்கள் கடைசி நேர டிக்கெட்டை நம்ப வேண்டாம்.

இனி வீடு. வளவைச் (நடு முற்றமும் தாழ்வாரமும்) சுற்றி வரிசையாக இருக்கும் ‘இரட்டை வீடு’ என்ற அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளிக்கு உரியது. பூட்டும் அவரவர் பூட்டு. முகப்பு, வளவு, அதற்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டு எல்லாம் பொது. கூரையும் பொது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உங்கள் அறைக்கு மேல் சொட்டுகிற தண்ணீர் அடுத்த அறைக்கு மேல் சரிந்த ஓட்டிலிருந்து வரலாம். மேலே ஓட்டை மாற்றிவிடலாம், ஆனால் கீழே ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மரச் சட்டம்) உளுத்திருக்கிறதா என்று பார்க்க அந்த அறையைத் திறந்தாக வேண்டும். சாவி கோலாலம்பூரிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, “அண்ணே, உங்க வீட்டுக்கு மேல ஓடு சரிஞ்சு கிடக்காம். சாவி யாருகிட்ட இருக்குண்ணே? ஆளை நிறுத்திப் பாத்துட்டு, படம் எடுத்து அனுப்புறேன்” என்று ஒரு போன் போட்டுவிடுங்கள். ‘சுத்தம் பண்ணத்தானே’ என்று சொல்லாமல் பூட்டைத் திறந்தால், பத்து வருடத்துக்குப் பேச்சு வார்த்தை நிற்கும். பொதுச் செலவுக்கு மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கி, எல்லாருக்கும் அனுப்பி, ‘சரி’ என்று எழுத்தில் வந்த பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது. கணக்கு கேட்பதற்குச் சங்கடப்படுகிறவர்கள்தான் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் பார்த்துக்கொள்ளும் வீடுகள் நிறைய இருக்கின்றன. எந்த மூலையில் ஒழுகும், எந்தக் கதவு மழையில் இறுகும், எந்தப் பங்காளிக்கு எந்தப் பங்காளியோடு பேச்சில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சம்பளம் மட்டும் பல வீடுகளில் பழைய கணக்கிலேயே நிற்கிறது. சாக்லெட் டப்பாவும் தைலமும் வாங்கிக் கொடுப்பது அன்பு, சம்பளம் ஏற்றுவது நியாயம். முன்னதைச் செய்து பின்னதை மறக்கிறோம்.

ஓட்டு வேலையில் பார்க்க வேண்டிய இடம் முற்றத்தின் நான்கு மூலை. இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் தகடு போட்டிருப்பார்கள். சருகு அடைத்தால் தண்ணீர் பின்வாங்கி ஓட்டுக்கு அடியில் ஏறி, சட்டத்தின் வழியாகச் சுவர்த் தலைக்கு இறங்கும். பர்மா தேக்குக்கு எளிதில் ஒன்றும் ஆகாது. இடையில் மாற்றிய மட்ட மர ரீப்பர்கள்தான் உளுத்துப் போகும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், முனை இறங்கினால் அதை மாற்ற வேண்டும். தெரிந்த ஆள் பிரித்த ஓட்டை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்ப்பார். ‘கணீர்’ என்றால் நல்ல ஓடு, மொத்தென்று கேட்டால் விரிசல். நல்லதைத் தனியாக அடுக்கிவிட்டு, குறைகிற எண்ணிக்கைக்கு மட்டும், இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய ஓட்டை அதே அளவில் வாங்கிவரச் சொல்லுங்கள். தெரியாத ஆள் ஒன்றை மாற்ற ஏறி இரண்டை மிதித்து உடைப்பார். ஓடு உடைவதற்குக் குரங்கைவிடப் பெரிய காரணம் டிஷ் ஆன்டெனா மாட்ட வருகிறவர்கள்தான் என்பது என் கருத்து. ஆன்டெனாவைப் பின்கட்டுச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

சுவரில் பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு பெயின்ட். கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக் கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். சிமென்ட் ஒட்டுப் போட்டால் இன்னும் மோசம். சிமென்ட் கெட்டி, சுண்ணாம்பு மெது. இரண்டு மழை போனால் ஒட்டின் ஓரம் பூராவும் விரிசல் விடும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். கொத்தனாரிடம் ‘எத்தனை நாள் ஊறப் போட்டது’ என்று கேளுங்கள். சரியாக நீறாத கட்டி ஒன்று கலவையில் இருந்தால், பூசி மாதக்கணக்கில் ஆன பிறகும் அது உள்ளே ஊதி, மேல்பூச்சைப் பொட்டுப் பொட்டாகத் தள்ளிவிடும். பளபளப்பு இன்னும் இருக்கிற சுவரைத் துணியால் தூசி தட்டி, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். சோப்பு வேண்டாம்.

தரைக்கும் இதே கதை. ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் ஊற்றக் கூடாது. அது சுட்ட கல் அல்ல. கண்ணாடிமேல் அச்சு வைத்து, அச்சின் கட்டத்துக்கு ஒரு வண்ணமாகச் சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்து, மேலே உலர்ந்த கலவை தூவி, பின்பக்கம் காரை வைத்து அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. ஆசிட் அந்த மேல்தோலை அரித்துவிடும், பிறகு எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது. பூட்டிய வீட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டிவிட்டு, வெறும் தண்ணீரில் துடையுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டு தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டே வந்தால் நிறம் எழும்பும். மாற்றுக் கல் வேண்டுமானால் உடைந்த துண்டைக் கையோடு ஆத்தங்குடிக்குக் கொண்டுபோங்கள். போனில் எடுத்த படத்தில் நிறம் ஏமாற்றும். அளவோடு கனத்தையும் அளந்துகொள்ளுங்கள், பழையதற்குப் பக்கத்தில் புதியது மேடாக நின்றால் கால் தடுக்கும். எப்படியும் புதுக் கல் பழசோடு அப்படியே சேராது. அதனால் கண்ணில் படுகிற இடத்தில் உடைந்திருந்தால், இரண்டாம் கட்டின் மூலையிலிருந்து பழைய கல்லைப் பெயர்த்து அங்கே போட்டுவிட்டு, மூலைக்குப் புதியதைப் போடுகிறார்கள். நல்ல யோசனை.

கரண்டைப் பொறுத்தவரை மெயினைப் போட்டுவிட்டுப் பார்ப்போம் என்ற வேலையே வேண்டாம். பழைய மரப்பட்டை வயரிங்கில் எலி கடித்திருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து மெகர் கருவியில் இன்சுலேஷன் பார்த்து, எர்த் பார்த்து, கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டபின் மெயினைப் போடுங்கள். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு காய்ந்து போயிருக்கும். அதை மாற்றி, பைப்பில் தண்ணீர் நிரப்பி ஓட விட்டால் பெரும்பாலும் ஏறிவிடும். வருடக்கணக்கில் மூடிக் கிடந்த கிணற்றுக்குள் தூர் வார ஆளை இறக்குவது ஆபத்து, உள்ளே விஷவாயு நிற்கலாம். மாடியில் கதண்டு (விஷக் குளவி) கூடு இருந்தால் புகை போட்டுப் பார்க்காமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், 101 அல்லது 112. அவர்கள் வந்து அழிப்பார்கள். பாம்புக்கும் அவர்கள்தான்.

கூலி சனிக்கிழமை சாயந்திரம் கைக்கு வந்துவிட வேண்டும். அது தவறினால் திங்கட்கிழமை ஆள் வராது. (தவறாவிட்டாலும் சில திங்கட்கிழமைகளில் வரமாட்டார்கள், அது வேறு.) பணத்துக்கு, வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கான ரூபாய்க் கணக்கு) ஆக மாற்றியிருக்க வேண்டும். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிவிடும், உயிர்ப்பிக்கக் கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று) கேட்பார்கள். என்ஆர்ஓ கணக்கோடு சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா போன்ற சில நாடுகளின் போன் நம்பரிலேயே யூபிஐ போட்டுக்கொள்ளலாம். எல்லா வங்கியும் தருவதில்லை, கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியப் பிரீபெய்டு சிம்மை 90 நாள் தொடாமல் வைத்திருந்தால், நம்பர் வேறொருவருக்குப் போய்விடலாம். ஓடிபி எல்லாம் அதில்தான் வரும் என்பதை மறந்து நம்பரை விட்டுவிட்டு அலைகிறவர்கள் நிறையப் பேர்.

பேப்பர் வேலையில் வீட்டு வரி, கரண்ட் பில் இரண்டும் ஆன்லைன். டவுனில் சொத்து வரி அரையாண்டுக் கணக்கு. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சம் 5,000 ரூபாய். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஊராட்சிக்குள் இருக்கிற வீடுகளுக்குத் தனித் தளம். 1975-க்குப் பிந்தைய வில்லங்கத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முந்தையது தளத்தில் இல்லாவிட்டால் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் ஐயா (தாத்தா) பெயரிலோ, அவருடைய ஐயா பெயரிலோ இருந்தால், வந்த இடத்தில் மாற்ற மனுக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பங்காளிகள் கையெழுத்துத் தேவைப்படும்.

வர முடியாத பங்காளி, தன் சார்பில் காரியம் பார்க்கப் பவர் (அதிகாரப் பத்திரம்) அனுப்புவதாக இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இதில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். பவர் வந்துவிட்டது என்று பீரோவில் வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து எடுப்பார்கள். ‘பொதுப் பவர்’ வேண்டாம். இன்ன வீடு, இன்ன காரியம் என்று குறிப்பிட்ட பவரே பங்காளிகளுக்குள் மனக்கசப்பு வராமல் காக்கும்.

கிளம்பும்போது பெட்டியில் ஒரு கவனம். மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை எதுவும் பிரச்சினை இல்லை, ஆனால் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் படிவத்தில் எழுதிவிட வேண்டும். மிளகாய்த்தூள், ஊறுகாய் செக்-இன் பெட்டியில். கொட்டானும் (ஓலைக் கூடை) கண்டாங்கிச் சேலையும் எவ்வளவு வேண்டுமானாலும். ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கிய பித்தளைச் சாமானோ மர வேலைப்பாடோ வேறு விஷயம். 1972 சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. நம் சொந்த வீட்டு ஐயாவின் பொருளாக இருந்தாலும் அதே சட்டம்தான். வயது குறைவானதாக இருந்து, பார்க்கப் பழசாக இருந்தால், தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் எழுதித் தரும் பில்லை மட்டும் வைத்துக்கொண்டு சுங்கத்தில் நின்றால் பொருள் அங்கேயே தங்கிவிடும். சான்றிதழுக்கு நாள் பிடிக்கும் என்பதால், வாங்குவதாக இருந்தால் வந்த முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.