3.21 போதுமா? சிங்கப்பூரில் ஒரு ராங்ளருடன் சில ஆண்டுகள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சின் கியர் விகிதத்தை நான் மாற்றவில்லை, டயரை மாற்றினேன். பட்டறையில் விலை கேட்டு, மலேசியாவின் ஜொகூரில் உறவினரின் வண்டியை ஓட்டிப் பார்த்து, தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது. அதன்பின் வண்டி போதிய அளவு ஓடிவிட்டதால் இப்போது எழுதுகிறேன். கியர் மாற்றிய மறுவாரமே ஆகா ஓகோ என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. புதிய பல்சக்கரம் பழகி, முதல் எண்ணெயை மாற்றுவதற்கே 800 கிலோமீட்டர் வாக்கில் ஓட வேண்டும்.

வண்டி 2015-இல் பதிவான நான்கு கதவு ஜீப் ராங்ளர், ஜேகே தலைமுறை. 3.6 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சின், 5 வேக ஆட்டோமேட்டிக், அச்சு விகிதம் 3.21. கைமாற்றி வாங்கும்போதே அதில் 35 அங்குல மண்சாலை டயர்கள் இருந்தன. நிறுத்தி வைத்துப் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் 80-இல் போய்க்கொண்டிருக்கும்போது மேம்பாலத்தின் சிறு ஏற்றம் வந்தால் போதும், 5-ஆம் கியரிலிருந்து 4-க்கு இறங்கும். அதுவும் போதாமல் 3-க்கு இறங்கி எஞ்சின் அலறும். ஏற்றம் முடிந்ததும் திரும்ப 5. அடுத்த மேம்பாலத்தில் மறுபடியும் அதே கூத்து. பின் இருக்கையில் இருக்கும் அம்மா, “வண்டிக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்கிற அளவுக்கு.

இதற்கு எல்லாரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: கியர் விகிதத்தை மாற்று. 4.56 போடு, 4.88 போடு, வண்டி பறக்கும்.

விகிதம் என்பது எளிய சங்கதி. கியர்பெட்டியிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு (கார்டன் ஷாஃப்ட்) 3.21 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 4.10 என்றால் அச்சுக்குள் இருக்கும் பெரிய வளையப் பல்சக்கரத்தில் 41 பல், அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 10 பல். எண் கூடக்கூட இழுவை கூடும், ஒரே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்றும். உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்பதை விற்றவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கைமாறிய வண்டியில் யார் எதை மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? பட்டறையில் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கச் சொல்லி, கியரை நியூட்ரலில் போட்டு, டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாக ஒரு முழுச்சுற்று சுற்ற வேண்டும். என் வண்டியில் ஷாஃப்ட் மூன்று சுற்று முடித்து, கால் சுற்றுக்குச் சற்று முன்னால் நின்றது. சந்தேகமே இல்லை, 3.21. ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றினால், சாதாரண டிஃபரன்ஷியலில் (இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் அமைப்பு) கணக்கு பாதியாகக் காட்டும். அதைப் பார்த்துக் குழம்பிப்போனவர்கள் உண்டு.

இனி கணக்கு. தொழிற்சாலையிலிருந்து வந்த 255/70ஆர்18 டயரின் விட்டம் ஏறத்தாழ 814 மில்லிமீட்டர், அதாவது 32 அங்குலம். 5-ஆம் கியரின் விகிதம் 0.83. இந்த டயரோடு 90 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,560 முறை சுற்றும். 35 அங்குல டயரோடு அதே வேகத்தில் 1,430-தான். இந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 353 நியூட்டன் மீட்டர் வருவதோ 4,800-இல். 1,430-இல் ஏற்றம் ஏறச் சொன்னால் அது கியரைக் கீழே தள்ளாமல் வேறு என்ன செய்யும்? பெரிய டயர், 3.21 × 32 ÷ 35 என்ற கணக்கில், என் 3.21-ஐச் சத்தமில்லாமல் 2.94 ஆக்கியிருந்தது. மேம்பாலக் கூத்தின் மூலகாரணம் அவ்வளவுதான்.

சரி, 2.94-ஐ மறுபடி 3.21 ஆக்க எவ்வளவு வேண்டும்? 35 அங்குல டயரோடு 3.5 இருந்தால் தொழிற்சாலைக் கணக்கு திரும்பிவிடும். அப்படியானால் 4.56, 4.88 என்ற பரிந்துரைகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதப்பட்ட அட்டவணைகளிலிருந்து. அங்கே நெடுஞ்சாலையில் 120-ஐ ஒட்டி ஓட்டுகிறார்கள். இன்னொன்று முக்கியம். அந்த அட்டவணைகளில் பல, 2007 முதல் 2011 வரை வந்த 3.8 லிட்டர் எஞ்சினையும் அதன் 4 வேக ஆட்டோமேட்டிக்கையும் மனத்தில் வைத்துப் போட்டவை. அந்தப் பழைய கியர்பெட்டியின் கடைசி கியர் 0.69, முதல் கியர் 2.84. 2012-இல் வந்த 5 வேகப் பெட்டி மெர்சிடிஸ் வடிவமைப்பு. கடைசி கியர் 0.83, முதல் கியர் 3.59. பெருக்கிப் பாருங்கள். என் வண்டியின் முதல் கியரில் 3.59 × 3.21 = 11.5. பழைய வண்டியில் 4.10 அச்சு இருந்தால் 2.84 × 4.10 = 11.6. கிட்டத்தட்ட ஒன்றே! கடைசி கியரிலும் என் 3.21 பழைய பெட்டியின் 3.86-க்குச் சமம். அட்டவணையில் “3.21 மிகக் குறைவு” என்று சிவப்பு வண்ணம் பூசியிருந்தால், அது எந்த கியர்பெட்டிக்கு என்று கேட்காமல் பணத்தை எடுத்து வைக்கக் கூடாது.

இவ்வளவு தெரிந்தும் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் விலை கேட்டேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கத்தில் போட்டால் உள்ளே இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். இரண்டு கிரவுன் பினியன் (வளையமும் பினியனும் சேர்ந்த ஜோடி), பேரிங், சீல், சில விகிதங்களுக்கு அவற்றைத் தாங்கும் கேரியரும். கப்பல் கூலி, வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 4,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. பிறகு வண்டியின் கணினிக்குப் புதிய விகிதத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கியர் மாறுவது கண்டபடி ஆகிவிடும்.

அன்று அங்கே வேறொரு வண்டியின் பின் அச்சு திறந்திருந்தது. ஜொகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வேலைக்கு வரும் மெக்கானிக் தம்பி, வளையப் பற்களில் மஞ்சள் பசையைத் தூரிகையால் தடவி, வளையத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக் காட்டினார். பினியன் உரசிய இடத்தில் பசை விலகி, பல்லின் நடுவில் நீள்வட்டமாக ஓர் அடையாளம். அது பல்லின் நுனிக்கோ அடிக்கோ நகர்ந்திருந்தால், பினியனுக்குப் பின்னால் வைக்கும் மெல்லிய தகட்டை மாற்றி, மறுபடி பூட்டி, மறுபடி பசை தடவிப் பார்க்க வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசம்தான். அதைச் சரிசெய்யாமல் விட்டால் வேகமெடுக்கும்போது ஊளையிடும். ஊளையிடும் அச்சு நாள்பட்டுப் பல்லைத் தின்றுவிடும். இந்த வேலையைப் பொறுமையாகச் செய்கிறவர்கள் இந்த ஊரில் அதிகம் பேர் இல்லை. “அண்ணே, டயரும் ஒரு கியர்தானே? அதை முதலில் மாற்றிப் பாருங்கள்” என்று அந்தத் தம்பிதான் சொன்னார். தன் பட்டறைக்கு வரும் வேலையைத் தானே தட்டிவிட்ட மனிதர். எண்ணெய் மாற்ற இன்றும் அவரிடம்தான் போகிறேன்.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கில் இன்னொரு வரி உண்டு, அமெரிக்கக்காரர்களுக்கு அது கிடையாது: சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்கப் பத்தாண்டுக்கு வாங்கும் உரிமைச் சான்றிதழ். என் வண்டிக்கு 2025-இல் பத்தாண்டு முடிந்தது. 5 ஆண்டுக்குப் புதுப்பித்தேன். 5 ஆண்டுப் புதுப்பிப்பு என்றால் அதோடு சரி, மறுபடி புதுப்பிக்க முடியாது. 2030-இல் வண்டி பதிவிலிருந்து போய்விடும். புதுப்பித்துவிட்டதால், பதிவை நீக்கும்போது கிடைக்கும் பிஏஆர்எஃப் என்ற கழிவும் இல்லை. பத்து வயது தாண்டியதால் சாலை வரியில் 10 விழுக்காடு கூடுதல் கட்டணம் தொடங்கி, ஆண்டுதோறும் ஏறி 50 விழுக்காடு வரை போகும். பரிசோதனையும் இப்போது ஆண்டுதோறும். நல்ல கிரவுன் பினியன் எத்தனையோ லட்சம் கிலோமீட்டர் உழைக்கும். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் வண்டிக்குக் கெடு குறித்தாகிவிட்டது. 4,000 வெள்ளியை எஞ்சிய ஆண்டுகளுக்குப் பங்கு போட்டுப் பார்த்தபோதே எனக்குப் பாதி ஆசை போய்விட்டது.

மீதிப் பாதி போனது ஜொகூரின் ஸ்கூடாயில். என் மைத்துனரிடம் அதே தலைமுறை ராங்ளரில் கரடுமுரடான பாதைக்கென்று வரும் ரூபிகான் வகை இருக்கிறது, தொழிற்சாலையிலேயே 4.10 விகிதம், இப்போது 35 அங்குல டயர். “அத்தான், நீங்களே ஓட்டிப் பாருங்கள்” என்று சாவியைக் கொடுத்தார். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் 110-இல் பிடித்தபோது எஞ்சின் 2,200-ஐத் தாண்டிச் சுற்றியது. எந்த ஏற்றத்திலும் 5-ஐ விடவில்லை. இனிமையான வண்டி, மறுக்க மாட்டேன். ஆனால் அவருடைய 4.10-ஐ 35 அங்குல டயரால் வகுத்துப் பார்த்தால், 32 அங்குலத்தில் 3.75 இருப்பதற்குச் சமம். அவருக்கு அது தேவை. வாரக்கடைசியில் கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் சேறு மிதிக்கிறவர். நான் வாரம் முழுவதும் தீவு விரைவுச்சாலையில் 90-க்குள் ஊர்ந்துவிட்டு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்பின் பலமாடி நிறுத்துமிடத்தின் சரிவில் வளைந்து வளைந்து ஏறுகிறவன்.

ஆக, 32 அங்குலத்துக்குத் திரும்பினேன். பழைய டயர்களை வாங்கிக்கொள்ள ஆள் கிடைத்தார்.

மேம்பாலத்தில் இப்போது 5-லிருந்து 4-க்கு இறங்கும். 3-க்குப் போவது அபூர்வம். நான் எதிர்பார்க்காத இலாபம் பிரேக். பெரிய டயர் ஒவ்வொன்றும் பல கிலோ கூடுதல், அந்த எடை சக்கரத்தின் ஓரத்தில் சுழல்கிறது; அதை நிறுத்துவதும் பிரேக்கின் தலையில்தான் விழும். விகிதத்தை மாற்றினால் கிளம்புவது சரியாகும், நிற்பது சரியாகாது. இதை விகிதம் விற்கிறவர்கள் சொல்வதில்லை.

எரிபொருளில் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. பெரிய டயரோடு லிட்டருக்கு 6.5 கிலோமீட்டர் என்று கணக்குக் காட்டியது. ஆனால் கணினியில் டயர் அளவு மாற்றப்படாததால், ஓடிய தூரத்தையே அது சுமார் 8 விழுக்காடு குறைத்துச் சொன்னது. திருத்தினால் 7.1. இப்போது 7.8 கிடைக்கிறது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் முதலில் தோன்றிய அளவுக்கு இல்லை. அதே காரணத்தால் அன்று மீட்டரில் 90 என்றால் கணக்குப்படி 98. வேகக் கேமராக்கள் நிறைந்த ஊரில் அது விளையாட்டில்லை.

மலையேற்றம் தனிக்கதை. மலேசியாவின் கேமரன் மலைக்குப் போக, தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டுத் தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய சாலை, கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். குடும்பமும் மூட்டை முடிச்சும் ஏறிய வண்டியை டிரைவில் விட்டால் ஒவ்வொரு வளைவிலும் அது தடுமாறுகிறது. லீவரைத் தட்டி 3-இல் பிடித்துவைத்தால் அமைதியாக ஏறுகிறது. இறங்கும்போது 2. மணிக்கு 40-இல் 1,800-க்கு மேல் சுற்றி எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். 3.73 இருந்தால் இந்தக் கைவேலை குறைந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் ஆண்டில் எத்தனை முறை கேமரன் மலைக்குப் போகிறோம்? போகும்போது உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் முக்கால் டேங்க் பெட்ரோல் காட்ட வேண்டும். மலேசியாவில் போய் நிரப்பினால் வெளிநாட்டு வண்டிக்கு மலிவான ரான்95 பெட்ரோல் கிடையாது, விலை கூடிய ரான்97-தான். அந்தப் பயணத்தின் எரிபொருள் செலவுக் கணக்கில் கியர் விகிதத்தைவிட இதுதான் பெரிது.

எல்லாருக்கும் மாற்றாதே என்று சொல்ல வரவில்லை. சிஓஇ-யில் ஏழெட்டு ஆண்டு மீதமிருந்து, 35 அங்குல டயரை விட மனமில்லாமல், மாதம் தவறாமல் மலேசிய மண்சாலைக்குப் போகிறவர் தாராளமாக 4.10 போடலாம். 4.88 போடச் சொன்னால் நான் தயங்குவேன்: விகிதம் கூடும்போது பினியன் சிறுக்கிறது, இந்த வகை வண்டியின் முன் அச்சோ பின் அச்சைவிடச் சிறியது. எதைச் செய்தாலும் அனுமதி விஷயத்தைப் பட்டறையில் கேட்காதீர்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்பி வையுங்கள். பரிசோதனை நாளுக்கு மட்டும் பழைய சக்கரத்தை மாட்டிக்கொண்டு போகும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. விபத்து நடக்கும் நாளில் மாட்டியிருப்பது எந்தச் சக்கரம் என்றுதான் காப்பீட்டுக்காரர் கேட்பார்.

போன முறை எண்ணெய் மாற்றும்போது பின் அச்சின் பினியன் சீலில் லேசான ஈரம் தெரிந்தது. வயதான ரப்பர், வேறொன்றுமில்லை. சீலை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். “திறக்கும்போதே 3.73 போட்டுவிடலாமா அண்ணே?” என்று தம்பி சிரித்துக்கொண்டே கேட்டார். பதிவு நீக்கப்பட்ட வண்டியிலிருந்து முன், பின் இரண்டு அச்சும் முழுசாக மலிவாகக் கிடைத்தால் யோசிக்கலாம் என்றேன். அதுவரை 3.21-தான்.