பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது

"பங்காளி, நாலு வீலும் இழுக்கிற பிக்கப் எடுக்கலாமா?" என்று புதுவயல் நண்பர் ஐப்பசியில் கேட்டார். அன்றைக்கே பதில் சொல்லியிருந்தால் கெட்ட வார்த்தையில்தான் சொல்லியிருப்பேன். என்னிடம் இருப்பதும் அந்த வகை பிக்கப்தான், இப்போது சரியாகிவிட்டது. நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

வாங்கி ஆறு வருடம். மைலேஜ், ஏசி, இன்ஜின் எதிலும் குறை இல்லை. காலியாகப் போனால் பின்பக்கம் துள்ளும், தேங்காய் ஏற்றினால் அடங்கிவிடும். என் பேச்சு முழுக்க, முன் சக்கரமும் கோர்த்துவிட்டதா என்று காட்டும் டேஷ்போர்டு பச்சை விளக்கைப் பற்றித்தான்.

எங்கள் தோப்புக்குக் கலுங்கைத் தாண்டி, கண்மாய் உள்வாய் ஓரமாகப் போக வேண்டும். மழை இறங்கினால் கரம்பை மண் டயரைக் கவ்விக்கொள்ளும். அந்த 300 மீட்டருக்காகவே கூடுதல் காசு கொடுத்து இந்த மாடலை எடுத்தேன். ஐப்பசி மழையில் குமிழை, நாலு வீலும் இழுக்கும் 4எச்சுக்குத் திருப்பினால், அடியில் 'டக்' என்று சத்தம். விளக்கு மினுக்குகிறது, மினுக்கிக்கொண்டே இருக்கிறது. பின் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. கடைசியில் டிராக்டர்தான் இழுத்தது. "இதுக்காண்ணே இம்புட்டுக் காசு?" என்று டிராக்டர்காரத் தம்பி கேட்டதுதான் இன்னும் ஆறவில்லை.

சர்வீஸ் சென்டரில் எதையும் கழற்றாமலே "4எச்சுக்கு மாத்துற ஷிப்ட் மோட்டார் போச்சு, 38,000 ஆகும்" என்றார்கள். அதோடு காய்ந்த தார் ரோட்டில் 4எச் போட்டு ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வேறு பார்த்தார்கள். முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃப்ரன்ஷியல் இந்த வகை வண்டிக்கு நடுவில் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். வழுக்கும் மண்ணில் பரவாயில்லை, தாரில் ஓட்டினால் கியரெல்லாம் முறுக்கிக்கொள்ளும். அது தெரியாதவர் கையிலா வண்டியைக் கொடுத்தேன்!

தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். 'டக்' சத்தம் கேட்குதா என்றுதான் முதலில் கேட்டார். கேட்டால் மோட்டார் வேலை செய்கிறது. என் வண்டியில் அதற்கப்புறம் வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு, இழுத்துத்தான் முன் ஆக்ஸில் கோர்க்கும். கோர்த்தால்தான் விளக்கு நிலைக்கும். இன்ஜினை ஓடவிட்டு, 4எச் போட்டு, அந்த இழுப்பில் ஆக்ஸிலைக் கோர்த்துவிடும் ஆக்சுவேட்டருக்கு வரும் ஹோஸைப் பிடுங்கி விரலை வைத்தார். இழுப்பு இல்லை. இழுப்பைத் திறந்து மூடும் சோலினாய்டு பக்கம் விரலை வைத்தால் நன்றாக இழுக்கிறது. ஆக்சுவேட்டரின் மூக்கில் ஒரு துண்டு டியூபைச் சொருகி, வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தார். பிடித்து நின்றது, உள்ளே இருக்கும் சவ்வு, அதாவது டயாபிரம், நல்லாயிருக்கு என்று அர்த்தமாம். மிச்சம் இருந்தது நடுவில் உள்ள ஹோஸ்தான். பேட்டரித் தட்டுக்குப் பின்னால் எலி கடித்த ஓட்டை, பக்கத்திலேயே தேங்காய் நார் திணித்த கூடு. ஹோஸும் கூலியும் சேர்த்து 450 ரூபாய்.

என் மேலும் தப்பு இருக்கிறது. மாதம் ஒரு தரமாவது போட்டுப் பார்த்திருந்தால் கோடையிலேயே தெரிந்திருக்கும். பத்து மாதம் அந்தக் குமிழைத் தொடவே இல்லை.

போன வாரம் அதே சேற்றில் 4எச் போட்டேன். மூன்று எண்ணுவதற்குள் விளக்கு நிலைத்தது. தேவையில்லாமல் நாலு தரம் போய் வந்தேன், வீட்டில் திட்டு.

சரி, நண்பருக்குப் பதில்: வேண்டாம் பங்காளி. சாதா பிக்கப் எடுங்கள். டிராக்டர்காரத் தம்பி நம்பர் தருகிறேன்.