பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து? சென்னைக் குடும்பங்களுக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவையோ அப்பாவையோ வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது என்று முடிவானதும் இரண்டு செலவுகள் சேர்ந்து வருகின்றன. ஒன்று மருத்துவச் செலவு: மருந்து, பிசியோதெரபி, சிறுநீர்க் குழாய் மாற்ற வரும் நர்ஸ். மற்றது ஆள் செலவு: குளிப்பாட்டவும், டயப்பர் மாற்றவும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடவும் கூடவே இருக்கும் அட்டெண்டரின் சம்பளம். குடும்பத்தை மாதாமாதம் முறிப்பது இரண்டாவதுதான். உதவி என்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவையோ முதலாவதுக்கு மட்டுமே. அதனால் எல்லா வழிகளையும் ஒரே கேள்வியால் அளந்து பார்க்கிறோம்: ஆள் சம்பளத்துக்கு இது உதவுமா? ஏஜென்சி ஆளுக்கு மாதம் 25,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

மெடிக்ளெய்ம்: அறுபது நாள் துணை

பாலிசி இருப்பவர்கள் முதலில் அதைத்தான் நம்புகிறார்கள். பாலிசிப் புத்தகத்தில் 'விலக்கு 05' (Excl05) என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். குளிப்பாட்டல், உடுத்தல், நடமாட உதவுதல் போன்ற அன்றாடப் பராமரிப்பை வீட்டில் செய்தாலும் நர்சிங் ஹோமில் செய்தாலும், நர்ஸ் செய்தாலும் சாதாரண உதவியாளர் செய்தாலும் பணம் கிடையாது என்று அதில் இருக்கும். 'வீட்டிலேயே சிகிச்சை' என்று விளம்பரத்தில் வருவது வேறு சங்கதி. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நோயாளியை நகர்த்த முடியாத நிலையிலோ, அங்கே படுக்கை கிடைக்காதபோதோ வீட்டில் தரும் சிகிச்சை அது. பெரும்பாலான பாலிசிகளில் அது மூன்று நாளுக்கு மேல் நீடிக்கவும் வேண்டும்.

ஆனால் டிஸ்சார்ஜ் ஆன பிறகு 60 அல்லது 90 நாள் வரையிலான தொடர் செலவு பல பாலிசிகளில் கிடைக்கும். இதைக் கோட்டை விடுபவர்கள் ஏராளம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "வீட்டில் பிசியோதெரபி, இத்தனை முறை" என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஏஜென்சியிடம் நர்ஸ் செய்த வேலைக்குத் தனி பில், அட்டெண்டருக்குத் தனி பில் கேளுங்கள். இரண்டும் ஒரே பில்லில் வந்தால், கொடுக்க வேண்டிய பகுதியும் சேர்ந்து நிராகரிக்கப்படும் அபாயம் உண்டு. நியாயமான கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் தீராவிட்டால் அண்ணா சாலை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அரசு வழிகள் இரண்டு, வேலை வேறு வேறு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது. அது மருத்துவமனைச் சிகிச்சைக்கு, வீட்டுப் பராமரிப்புக்கு அல்ல. வீட்டுக்கு வருவது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள், பிசியோதெரபி, வலிநிவாரண நர்ஸ், வயிற்று வழி டயாலிசிஸுக்கான பைகள் எல்லாம் வீட்டு வாசலுக்கே வரும். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வார்டு எண்ணைச் சொல்லிப் பதியுங்கள், 104-லும் கேட்கலாம். ஆளுக்குச் சம்பளம் இதிலும் கிடையாது. ஆனால் மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் கைக்காசு போவது நின்றால், அந்தப் பணம் ஆளுக்கு மிஞ்சும்.

ஒரே சான்றிதழ், இரண்டு பலன்

பக்கவாதம், பார்க்கின்சன், தண்டுவடப் பாதிப்பு என்றால் மாற்றுத்திறனாளி சான்றிதழும் யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்குவது முதல் வேலை. வயதானவர்களுக்கு இது பொருந்தாது என்று நினைத்தே பல குடும்பங்கள் விண்ணப்பிப்பதில்லை. பொருந்தும். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும், பார்க்கின்சன் உட்பட சில நரம்பு நோய்களுக்கும் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. 2023-இல் அது மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.

அதே சான்றிதழ் மகனுக்கோ மகளுக்கோ வரியிலும் உதவும். வருமான வரிச் சட்டத்தில் (1961 சட்டத்தில் இது 80டிடி பிரிவு), சார்ந்திருக்கும் பெற்றோருக்கு 40% பாதிப்பு என்றால் 75,000, 80% அல்லது அதற்கு மேல் என்றால் 1,25,000 ரூபாய் கழிவு. உண்மையில் எவ்வளவு செலவானது என்ற கணக்கு இதற்குத் தேவையில்லை. 30% வரி கட்டுபவருக்கு 1,25,000 கழிவு என்பது செஸ் சேர்த்து 39,000 ரூபாய் மிச்சம்; உதவித்தொகையோ ஆண்டுக்கு 24,000. ஒரே நிபந்தனை: பழைய வரிமுறையில் இருக்க வேண்டும். புதிய முறையில் இந்தக் கழிவு இல்லை. இரண்டு முறையிலும் வரியைப் போட்டுப் பார்த்த பிறகே தேர்ந்தெடுங்கள்.

எண்பது வயதும் பென்ஷனும்

மத்திய அரசு ஓய்வூதியருக்கு 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20%, 85-இல் 30%, 90-இல் 40% கூடுதல். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கும் உண்டு. 30,000 அடிப்படை என்றால் 6,000, அதன் மேல் அகவிலைப்படி. கெடுவது எங்கே என்றால், பல பிபிஓ-க்களில் (ஓய்வூதிய ஆணைகளில்) மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. அதனால் வங்கி தானாக உயர்த்தாது. வயதுச் சான்றோடு எழுதிக் கொடுங்கள். விட்டுப்போன மாதங்களுக்கு நிலுவையும் கேளுங்கள். ஆள் சம்பளத்துக்கு நேராகப் போகும் பணம் என்றால் இதுதான், திருப்பிக் கட்ட வேண்டியதும் இல்லை.

நகை, வீடு, மனை

மேலே சொன்னவை போதாதபோது சொத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். நகைக் கடன் சீக்கிரம் கிடைக்கும். ஆள் எத்தனை மாதம் தேவைப்படும் என்று தெரியாத முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு அது சரி. அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகத் திருப்பும் கடனுக்கு 12 மாதமே கெடு என்பதால், அதற்குள் கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் அபாயம் உண்டு.

ரிவர்ஸ் மார்ட்கேஜ் 2007-இல் வந்தது. 60 வயதானவர் தான் குடியிருக்கும் சொந்த வீட்டை வங்கியில் வைத்து மாதாமாதம் பணம் வாங்கலாம். தம்பதியில் கடைசியாக இருப்பவரும் காலமாகும்வரை வீட்டை விட்டுப் போக வேண்டாம். வரும் பணத்துக்கு வருமான வரியும் இல்லை. ஆனால் கணக்கு பலரும் நினைப்பதுபோல் இருக்காது. 40 லட்சம் கடன் என்றதும், 15 ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 22,000 வரும் என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். அந்த 40 லட்சத்துக்குள்தான் வட்டியும் அடங்கும். 10% வட்டியில் 15 ஆண்டுக்கு மாதம் சுமார் 9,650, 10 ஆண்டுக்குச் சுமார் 19,500. அதனால் 75 வயதைத் தாண்டியவருக்கே இது ஓரளவு பலன் தரும் என்பது எங்கள் கருத்து. மயிலாப்பூரில் கோயில் மனையில் கட்டிய வீடு, கிரயப் பத்திரம் இன்னும் வாங்காத வீட்டுவசதி வாரிய வீடு, தாத்தா பெயரிலேயே பட்டா நிற்கும் வீடு எல்லாம் இதில் தேறாது. பழைய அடுக்குமாடிகளும் தடுக்கி விழும். கட்டடத்துக்கு இன்னும் 20 ஆண்டு ஆயுள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கூடுவாஞ்சேரியிலோ திருவள்ளூர் பக்கமோ வாங்கிப் போட்ட மனை இருந்தால், வீட்டைத் தொடும் முன் அதை விற்பதே மேல். வரி போக 30 லட்சம் கையில் நின்று, அதை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2% வட்டிக்குப் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500, அதாவது மாதம் 20,500. முதலும் அப்படியே இருக்கும். பேரப்பிள்ளைக்கு என்று வைத்திருந்த மனை என்பார்கள். அந்த மனசு புரிகிறது. ஆனாலும் வாங்கியவர் உயிரோடு இருக்கும்போது அவருக்குத்தான் முதல் உரிமை.

பிள்ளைகளின் பங்கு

பங்கு தர மறுக்கும் பிள்ளைகள்மீது 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய் என்பதால் 25,000-இல் பாதிகூட வராது. முதியோர் உதவி எண் 14567-இல் வழி கேட்கலாம்.

வீட்டை ஏற்கெனவே மகன் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிவிட்டால் ரிவர்ஸ் மார்ட்கேஜ் வழி அடைபட்டுவிடும். இனி எழுதப் போகிறவர்கள் "எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளை பராமரிக்கத் தவறினால் அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும்போது, முதலில் பார்க்கப்படுவது அந்த ஒரு வரி இருக்கிறதா என்பதைத்தான்.