லேஸ் இல்லாத ஷூவில் 800 கிலோமீட்டர்

நான் போட்டு ஓடும் லேஸ் இல்லாத ஷூவின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று உடன் ஓடும் நண்பர் ஒருவர் நேற்று கேட்டார். 14 மாதங்களாக 800 கிலோமீட்டருக்கு மேல் இந்த ஷூவில் ஓடியவன் என்பதால் ஒரே சொல்லில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பாதத்தின் மேற்புறம் சற்று மேடானது. லேஸை இறுக்கிக் கட்டினால் ஆறாவது கிலோமீட்டரிலேயே விரல்கள் மரத்துப்போகும். இந்த ஷூவில் ஒரு நாள்கூட அப்படி ஆகவில்லை. அதிகாலை நாலரை மணி இருட்டில் காலை நுழைத்துக்கொண்டு கிளம்பி, பெசன்ட் நகர் கடற்கரையில் எட்டு கிலோமீட்டர் ஓடித் திரும்பும்வரை ஷூ என்ற நினைவே வராது. அந்தச் சுகத்தை வேறெந்த ஷூவும் எனக்குத் தந்ததில்லை.

ஆனால் குதிகால்! கணுக்காலைச் சுற்றியிருக்கும் எலாஸ்டிக் பட்டைதான் இதற்கு மொத்தப் பிடிமானமும். சென்னைப் புழுக்கத்தில் ஷூவின் மேற்பகுதிப் பின்னல் துணி வியர்வையில் ஊறித் தொய்ந்ததும், பன்னிரண்டாவது கிலோமீட்டரிலிருந்து ஒவ்வோர் அடிக்கும் குதிகால் எழும்பி எழும்பி இறங்குகிறது. லேஸ் இருந்தால் ஓரமாக நின்று, கணுக்காலை ஒட்டிய கடைசித் துளையிலும் கோத்து இறுக்கிவிடலாம்; குதிகால் அடங்கிவிடும். இதில் எதைப் பிடித்து இறுக்குவது? நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும், வெயில் ஏறினால் இன்னும் வீங்கும். அப்போது விரல் பக்கம் தளர வேண்டும், குதிகால் பக்கம் இறுக வேண்டும். ஒரு முழ லேஸ் செய்கிற இந்த வேலையை இத்தனை விலை கொடுத்து வாங்கிய ஷூ செய்யவில்லை.

ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஓடி இறங்கிய நாளில், பாதம் முன்னால் சரிந்து சரிந்து வலது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. விற்றவர்களிடம் முறையிட்டதற்கு, அடுத்த முறை அரை சைஸ் சிறியதாக வாங்குங்கள் என்றார்கள். வீங்கும் காலுக்குச் சிறிய ஷூவா? அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

லேஸ்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. குமிழைத் திருகி மெல்லிய கம்பியை இறுக்கும் ஷூக்களும் இருக்கின்றன. வழியில் நின்று சரிசெய்துகொள்ள ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவுதான். 2019இல் வியன்னாவில் கென்ய ஓட்டவீரர் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தைக் கடந்தபோது, எவ்வளவோ புதுமைகள் புகுத்திய அந்த ஷூவிலும் லேஸை விட்டுவைத்திருந்தார்கள்.

நாளை காலை எட்டு கிலோமீட்டருக்கு நான் இதைத்தான் மாட்டிக்கொண்டு போகப்போகிறேன். நண்பரோ ஜனவரியில் 42 கிலோமீட்டர் ஓடப் பயிற்சி எடுக்கிறார். அவருக்கு வேண்டாம். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். என் நகம் இன்னும் முழுதாக வளரவில்லை.