மாற்றியமைத்த 325ஐஎஸ்: டீலரிடம் தள்ளிவிடுவதா, நாமே விற்பதா?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினில் அச்சடித்த எண்ணும் பதிவுப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால் டிரேட்-இன் (பழைய வண்டியை டீலரிடம் கொடுத்து அதன் விலையைப் புது வண்டியில் கழித்துக்கொள்வது) பக்கமே போக வேண்டாம், நேரடியாக விற்றுவிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு வழியுமே இப்போதைக்கு அடைப்புதான். முதலில் பத்திரத்தைச் சரிசெய்யுங்கள்.

நான் பேசுவது பிஎம்டபிள்யூ ஈ30 325ஐஎஸ் பற்றி. பிரிட்டோரியா அருகே ராஸ்லின் ஆலையில் தென்னாப்பிரிக்காவுக்கென்றே செய்த இரண்டு கதவு வண்டி. அதிகம் மாற்றாத சாலை வண்டிகளுக்கான குரூப் என் பந்தயத்தில் ஓப்பல் சூப்பர்பாஸ் காரோடு மோதியது; எஞ்சின் 2.5 லிட்டரில் தொடங்கி 2.7 லிட்டர் வரை போனது. குஷேஷே என்று செல்லப்பெயர் வாங்கிய இந்த வண்டியில் கைபடாமல் மிஞ்சியவை கொஞ்சம்தான். டர்போ, வெட்டிய ஸ்பிரிங், பெரிய வீல், மாற்று எக்ஸாஸ்ட் என்று ஏதாவது ஏறியிருக்கும். 20 வால்வ் எஞ்சின் ஏற்றிய கொரோலாவும் ரோட்டரி எஞ்சின் மாஸ்டாவும் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

டிரேட்-இன்னின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே மதியத்தில் வேலை முடியும், முன்பின் தெரியாதவர்கள் வீட்டு வாசலுக்கு வரமாட்டார்கள், வங்கிக் கடன் பாக்கி இருந்தால் டீலரே கட்டித் தீர்த்துவிடுவார். விலை குறையும் என்பதும் தெரிந்ததே. ஏன் குறைகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது டீலரின் பேராசையால் மட்டும் வருவதல்ல.

டீலர் நம் வண்டியை 230,000 ராண்டுக்கு எடுத்து 299,000 ராண்டுக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியதில் 15/115 பங்கை, அதாவது 30,000 ராண்டை, வாட் (மதிப்புக் கூட்டு வரி) வரவாகக் கோரலாம். விற்றதில் 39,000 ராண்ட் வாட் கட்ட வேண்டும். நிகரமாக 9,000 போய்விட்டால் 69,000 வித்தியாசத்தில் மிஞ்சுவது 60,000. அதிலிருந்துதான் ரோட்வொர்த்தி (சாலையில் ஓடத் தகுதியா என்ற சோதனையும் சான்றிதழும்), விளம்பரம், வண்டி நிற்கும் காலத்துக்கான வட்டி எல்லாம். அதற்கும் மேலே ஒரு பயம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, டீலர் விற்ற வண்டியில் குறை தெரிந்தால் வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் திருப்பித்தரலாம், பழுதுபார்க்கச் சொல்லலாம், பணத்தையும் கேட்கலாம். 'வூட்ஸ்டூட்ஸ்' (உள்ளது உள்ளபடியே விற்பனை) என்று எழுதி வாங்கி டீலர் தப்பிக்க முடியாது. முப்பது வருடம் தாண்டிய ஆறு சிலிண்டர் எஞ்சினில் யாரோ ஒருவர் பொருத்திய டர்போவுக்கு ஆறு மாதம் பொறுப்பேற்க எந்த டீலர் துணிவார்? எனவே அந்த டர்போவை விலை கூட்டும் பொருளாக அவர் பார்ப்பதில்லை, ஆபத்தாகக் கணக்கிட்டுக் கழிக்கிறார். நாம் எண்பதாயிரம் செலவழித்து ஏற்றிய ஒன்று அவருடைய காகிதத்தில் கழித்தல் குறியோடு நிற்கும்.

தனியார் விற்பனையில் இந்தச் சுமை நம்மேல் இல்லை. எப்போதாவது ஒரு வண்டி விற்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, வூட்ஸ்டூட்ஸ் செல்லும். ஆனால் தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைத்தால் அந்தச் சொல் காப்பாற்றாது. ஆகவே செய்த மாற்றங்களையும் தெரிந்த குறைகளையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். (மாதம் ஒரு வண்டி வாங்கி விற்பவர் 'நான் தனியார்' என்று சொல்லிக்கொள்வது வேறு கதை. அது வியாபாரம்.)

வெளிநாட்டு இணையப் பக்கங்களைப் படித்துவிட்டுச் சிலர் வரிச் சலுகை பற்றிக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் டிரேட்-இன் தொகையைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் விற்பனை வரி. தென்னாப்பிரிக்காவில் அப்படி இல்லை; புது வண்டியின் முழு விலையிலும் வாட் அடங்கியிருக்கும். நம் சொந்த உபயோகக் காரை லாபத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி கிடையாது. ஆக வரியைக் காட்டி டிரேட்-இன்னுக்கு வக்காலத்து வாங்க முடியாது.

டீலரிடம் போயே தீருவேன் என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள். பழைய வண்டியைப் பற்றி வாயே திறக்காமல், புது வண்டியின் கடைசி ரொக்க விலையை எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகு டிரேட்-இன் பேச்சை எடுங்கள். இல்லையேல் புது வண்டியில் தரவேண்டிய தள்ளுபடியையே பழைய வண்டிக்கு 'நல்ல விலை' என்று சூட்டித் தருவார்கள். கையிலிருந்து போகும் வித்தியாசத் தொகை ஒன்றுதான் நிஜமான எண். புத்தக விலையை (டீலர்கள் பார்க்கும் பழைய வண்டி விலைப் பட்டியல்) காட்டினாலும் மயங்காதீர்கள். இவ்வளவு பழைய, இவ்வளவு மாறிய வண்டிக்கு அது உதவாது.

இப்போது எஞ்சின் எண்ணுக்கு வருகிறேன். எந்த வழியானாலும் இறுதி முடிவு இதில்தான்.

ஈ30இல் எஞ்சின் மாற்றுவது சகஜம். இதன் ஆறு சிலிண்டர் எம்20 எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும், ராக்கர்கள் உடையும். சூடேறினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். பழுதுபார்ப்பதைவிட வேறொரு எஞ்சின் பிளாக்கைத் தூக்கிவைப்பது மலிவாகத் தெரியும். அன்று புது எண்ணைப் பதியாமல் விட்டிருந்தால் அது விற்கும் நாளில் தலைதூக்கும். ரோட்வொர்த்தி நிலையத்தில் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பத்திரத்தோடு ஒப்பிடுவார்கள். பொருந்தவில்லையென்றால் அந்த இடத்திலேயே விற்பனை நின்றுவிடும், வாங்குபவர் பெயருக்கு வண்டி மாறாது. டீலரும் கைவிரிப்பார்.

சரிசெய்யும் வழி: அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான ரசீது வேண்டும், அதில் எஞ்சின் எண்ணும் இருக்க வேண்டும். உடைத்து விற்கும் யார்டில் வாங்கியிருந்தால் அவர்களுடைய விவரமும் சேர வேண்டும். ரசீதோடு உறுதிமொழிப் பத்திரம், அடையாள அட்டை, ஆர்சி1 எனும் பதிவுப் பத்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டு வண்டியைப் போலீஸின் வாகன சோதனைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அனுமதி கிடைத்த பிறகுதான் பதிவு அலுவலகத்தில் எண்ணை மாற்றுவார்கள். ரசீது இல்லாமல் போய் நிற்காதீர்கள். எஞ்சின் திருட்டு வண்டியுடையது என்று தெரிந்தால் வீட்டுக்கு நடந்துதான் வரவேண்டியிருக்கும்.

ஒரு சின்ன வேலையில் பலர் பெரிதாக மாட்டிக்கொள்கிறார்கள். டர்பன் கடற்காற்றில் பிளாக்கின் எண் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் மூடி மறைந்திருக்கும். அதை வயர் பிரஷ் பொருத்திய கிரைண்டரால் சுரண்டாதீர்கள். எழுத்தின் விளிம்பு மழுங்கினால் பார்ப்பவருக்கு அது எண்ணை அழித்த தடம். அழித்த எண்ணோடு வண்டி வைத்திருப்பதே 1996ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். டீகிரீசரைப் பூசி ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்தால் போதும். பிறகு பளிச்சென்று ஒரு படம் எடுத்து ஆர்சி1 படத்தோடு சேர்த்தே விளம்பரத்துக்குத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எண்களின் கடைசி இலக்கங்களை மறைத்துக்கொள்ளலாம். தீவிரமாக வாங்க வருபவர் முதலில் கேட்பது இதைத்தான், ஏனென்றால் சாதாரண 325ஐயில் ஐஎஸ் எழுத்தை ஒட்டி விற்பது இந்த ஊரில் புதிதல்ல.

அடுத்தது பாகங்கள். திருப்பி மாற்றக்கூடிய மாற்றம், திருப்ப முடியாத மாற்றம் என்று இரண்டு வகை. வீல், ஸ்பிரிங், எக்ஸாஸ்ட், எஞ்சின் கணினியின் சிப், ஸ்டியரிங், சீட் எல்லாம் முதல் வகை. அசல் பாகங்கள் கராஜில் இருந்தால் மறுபடி பொருத்திவிட்டு, கழற்றியதைத் தனியே விற்றால் மொத்தமாகக் கூடுதல் கிடைக்கும். வீலுக்குத் தனி சந்தையே உண்டு: ஈ30இன் போல்ட் அமைப்பு 4x100 (100 மிமீ வட்டத்தில் நான்கு போல்ட்), நடுத்துளை 57.1 மிமீ, மார்க் 1 கோல்ஃபும் அதே அளவு. ஆஃப்செட் (வீல் உள்ளே, வெளியே எவ்வளவு தள்ளி நிற்கும் என்ற அளவு) மட்டும் வேறுபடும், அதை விளம்பரத்தில் எழுதிவிடுங்கள். கொரோலாவும் 4x100தான், நடுத்துளை 54.1, எனவே வளையம் போட வேண்டும். சக்கர வளைவுத் தகட்டை வெட்டி அகலப்படுத்தியது, ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) அறுத்தது, சன்ரூஃபை வெல்டிங் வைத்து மூடியது எல்லாம் இரண்டாம் வகை. அப்படிப்பட்ட வண்டியை அசல் என்று சொல்லி விற்க முயலாமல், பந்தயத்துக்கும் டிராக்குக்கும் தேடுபவரிடம் அதற்கேற்ற விலையில் கொடுங்கள். டர்போ ஏற்றியதற்கு இன்னும் கொஞ்சம் யோசிப்பேன். அசல் ஏர்பாக்ஸ், ஏர்ஃப்ளோ மீட்டர், மோட்ரோனிக் பெட்டி (எஞ்சின் கணினி) மூன்றும் கையில் இருந்தால் கழற்றுவது லாபம். தேடி வாங்கத்தான் வேண்டும் என்றால் அப்படியே விடுங்கள்.

ரோட்வொர்த்தியை விளம்பரத்துக்கு முன்பே எடுக்கச் சிலர் சொல்வார்கள். சான்றிதழ் பெயர்மாற்றத்துக்கு 60 நாள்தான் செல்லும், இப்படிப்பட்ட வண்டி விற்கச் சில மாதங்கள் ஆகலாம். ஆகவே குறைகளை மட்டும் முன்பே தீர்த்துவைத்து, ஆள் உறுதியானதும் சான்றிதழ் எடுப்பது என் யோசனை. சோதனையில் தோற்கவைக்கும் குறைகள் பெரும்பாலும் இவைதான்: ராக்கர் கவரிலிருந்து எக்ஸாஸ்டில் சொட்டும் எண்ணெய், முன் கன்ட்ரோல் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் ஆட்டம், ஹேண்ட்பிரேக், 1 மிமீக்குக் கீழ் தேய்ந்த டயர், பக்கக் கண்ணாடியில் 35 சதவீதத்துக்கும் குறைவாக ஒளி விடும் ஃபிலிம்.

விலை நன்றாகத் தருபவர் பெரும்பாலும் ஜொஹானஸ்பர்க் பக்கம் இருப்பார். அவருக்குக் கடற்கரை வண்டி என்றாலே துரு நினைவு. பேட்டரித் தட்டின் அடி, ஜாக் வைக்கும் இடங்கள், பின் சக்கர வளைவின் உள்விளிம்பு, சன்ரூஃப் வடிகால் ஓரம் ஆகியவற்றைக் கேட்குமுன் படமெடுத்து அனுப்புங்கள். கம்ப்ரஷன் சோதனை (சிலிண்டர் அழுத்தம்) எண்கள் கொடுத்தால் எந்த ஊரில் எடுத்தது என்றும் எழுதுங்கள். ஜொஹானஸ்பர்க்கின் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. அதே எஞ்சின் அங்கே குறைவாகத்தான் காட்டும். ஆறு சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருப்பதுதான் முக்கியம். டைமிங் பெல்ட் மாற்றிய தேதியுள்ள பில் ஒன்று நூறு படங்களுக்குச் சமம்.

டீலரிடம் ஒப்படைத்து கமிஷனுக்கு விற்கவிடும் நடுவழியும் உண்டு. வண்டி அவர் கூடத்தில் நிற்கும், பத்திரம் நம் பெயரில் இருக்கும். பழைய வண்டிகளையே தொழிலாகச் செய்பவராக இருந்தால் பரவாயில்லை. கமிஷன், காப்பீடு யாருடையது, விற்ற எத்தனை நாளில் பணம் என்ற மூன்றும் எழுத்தில் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

டிரேட்-இன் சரியாகப்படும் இடமும் ஒன்று உண்டு. அடுத்த மாதம் நாட்டைவிட்டுக் கிளம்புகிறீர்கள், வங்கிக் கடனும் பாக்கி, மாற்றங்களோ ஸ்பிரிங்கும் வீலும் மட்டும். அப்போது குறையும் தொகையை நிம்மதிக்கான கட்டணமாக எடுத்துக்கொள்ளலாம்.

நேரடி விற்பனையில் கடைசிக் கட்டம் பணமும் பத்திரமும். ஓட்டிப்பார்க்கத் தருமுன் ஓட்டுநர் உரிமத்தைப் படமெடுங்கள், உடன் அமருங்கள், வேறொருவர் ஓட்ட உங்கள் காப்பீடு இடம் தருகிறதா என்று முன்பே கேளுங்கள். பணம் அனுப்பிய ரசீது என்று வாட்ஸ்ஆப்பில் வருவது பணம் அல்ல. உங்கள் கணக்கில் வந்து நின்றதை உங்கள் செயலியிலேயே பார்த்த பிறகுதான் சாவி. ஆர்சி1ஐக் கொடுக்குமுன் நகல் எடுங்கள். வாங்குபவர் 21 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், அவர் மாற்றுவார் என்று நம்பியிருக்க வேண்டாம். அவருடைய அடையாள அட்டை நகலோடு உரிமை மாற்ற அறிவிப்பு என்சிஓ படிவத்தை அன்றே நிரப்பிப் பதிவு அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலைக் கையில் வாங்குங்கள். அது பதிவாகும்வரை அபராதச் சீட்டுகளும் லைசென்ஸ் கட்டண பாக்கியும் உங்கள் முகவரிக்கே வந்துகொண்டிருக்கும்.